காத்திருப்போர் கடமை

நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிப்பொருளை அமைத்தனர் என்பதை நேயர்கள் அறிவர். அவற்றுள் முல்லை நிலத்துக்கு அமைந்தது இருத்தல். பிரிந்து சென்ற தலைவன் கார்காலத்தில் மீள்வேன் என்று சொல்லிச் சென்றான். அச்சொல்லை நம்பி, இல்லறம் குலையாமல், வந்த விருந்தைப் பேணி, மனத்துயரை மனத்துள்ளே ஆற்றிக்கொண்டு தலைவி இருக்கிறாள். நெய்தலுக்கு அமைந்ததோ இரங்கல். கடற்கரையில் நின்று கலங்கி அழுவதும் ஒருவகைக் காத்திருப்புத்தான் எனினும், அதை வேறொரு திணையாகவே நம்மவர் வைத்தனர். வெறுமனே ஏங்குதலும் கடமையோடு இருத்தலும் ஒன்றல்ல என்பதைத் தமிழ் மரபு அவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை ஒன்றைப் பற்றியது. இயேசு கிறிஸ்து மீண்டும் வருவார் என்பது அந்நம்பிக்கை. 4ஆம் நூற்றாண்டில் நிசேயாவிலும் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் கூடிய திருச்சபைச் சங்கங்கள் வகுத்த விசுவாச அறிக்கையில் இது இடம்பெற்றிருக்கிறது. கத்தோலிக்கரும் அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் வேறு பலவற்றில் வேறுபட்டாலும் இதில் வேறுபடுவதில்லை. மற்றச் சமயத்தாருக்கும் இத்தகைய எதிர்பார்ப்புப் புதியதன்று. வைணவர் கல்கி அவதாரத்தைச் சொல்வர். நமது நாட்டுப் பௌத்தர் மைத்திரேய புத்தரை எதிர்நோக்குவர். முஸ்லிம்கள் ஈசா நபி மீண்டும் வருவார் என்பர். ஆகவே ஒரு சமயத்தாரின் உட்பேச்சு என்று எண்ணிப் பிற நேயர்கள் வானொலியை மூடிவிடத் தேவையில்லை.

வருவார் என்பதைப் பற்றிய தருக்கத்தில் நான் இறங்கப்போவதில்லை. வருவார் என்று நம்புகிற ஒருவன், அவர் வரும்வரை எப்படி வாழ வேண்டும்? கேள்வி இதுதான். மலையகத்தில், வலப்பனைப் பகுதித் தோட்டங்களில், இது வெறும் வேதபாடக் கேள்வியாக இருந்ததில்லை.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். கிறிஸ்துவின் வருகையைக் குறிக்கப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வழங்கும் சொல் ‘பருசியா’ என்பது. அக்காலத்தில் பேரரசனோ அவனுடைய பெரிய அதிகாரியோ ஒரு நகரத்துக்கு விஜயம் செய்வதையும் அச்சொல்லால் குறித்தனர். அரசன் வருகிறான் என்றால் சாலை செப்பனிடப்படும், நகரம் அலங்கரிக்கப்படும், வரியும் கூடும் என்பது வேறு கதை.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதேயில்லை. 1975ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகும்வரை, கொழும்பு முகவர் நிறுவனத்தின் சார்பில் ‘விசிட்டிங் ஏஜண்ட்’ எனப்பட்ட மேலதிகாரி ஒருவர் தோட்டத்தைப் பார்வையிட வருவதுண்டு. எங்கள் தந்தையார் காலத்தவர் அவரை வி.ஏ. துரை என்பர். அவர் வரும் திகதி தெரிந்ததும் தோட்டம் முழுவதும் அல்லோலகல்லோலப்படும் என்று தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாதையோரத்துப் புல் செதுக்கப்படும். பாதைக்கு முகம்காட்டும் லயங்களுக்கு மட்டும் வெள்ளையடிக்கப்படும். பின்வரிசை லயத்தின் கூரைத் தகரம் ஓட்டை விழுந்தபடியே இருக்கும். துரை போன மறுநாள் எல்லாம் பழையபடி.

மத்தேயு நற்செய்தியின் 24ஆம், 25ஆம் அதிகாரங்களில் இயேசு கூறிய உவமைகள் சில தொடர்ந்து வருகின்றன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்த வெள்ளையடிப்பு என் நினைவுக்கு வரும். எசமான் பிரயாணம் போகிறான். வேலையாட்களின் உணவுக்கும் வீட்டு நிர்வாகத்துக்கும் ஒருவனைப் பொறுப்பாக வைக்கிறான். எப்போது திரும்புவான் என்று சொல்லவில்லை. எசமான் வரத் தாமதமாகும் என்று எண்ணிய அந்தப் பொறுப்பாளன் உடன் வேலையாட்களை அடிக்கவும் குடிக்கவும் தொடங்குகிறான். நினையாத நாளில் எசமான் வந்து நிற்கிறான். திகதியைச் சொல்லாமல் விட்டதன் காரணம் இங்கேதான் விளங்குகிறது. திகதி தெரிந்திருந்தால் பாதையோர லயத்துக்கு மட்டும் வெள்ளையடித்திருப்பான். தெரியாதபடியால் எல்லா நாளும் ஒரேவிதமாக இருந்தாக வேண்டும்.

முல்லைத் தலைவிக்கும் கிறிஸ்தவனுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. அவளுக்குப் பருவம் குறித்துச் சொல்லப்பட்டது. இவனுக்கு நாளும் நாழிகையும் ஒருவருக்கும் தெரியாது என்றே சொல்லப்பட்டது.

ஆனால் மனித மனம் அவ்வளவில் அமைவதில்லை. முல்லைப்பாட்டில்கூட, முதிய பெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நெல்லும் முல்லை மலரும் தூவி விரிச்சி கேட்டு நிற்கிறார்கள்; ஆய்மகள் ஒருத்தி கன்றைத் தேற்றிச் சொல்லும் சொல்லைத் தலைவன் வருவான் என்பதற்கு நற்குறியாகக் கொள்கிறார்கள். குறி கேட்பது தமிழருக்கோ கிறிஸ்தவருக்கோ மட்டும் உரிய குணமன்று. காத்திருப்பது கடினம், கணக்குப் போடுவது எளிது. அவ்வளவுதான்.

தென்னிந்தியாவில் இதற்கு நெஞ்சை உறுத்தும் வரலாறு ஒன்று உண்டு. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பமொன்றில் பிறந்த இராமையன் என்பவர் 1861இல் குடும்பத்தாருடன் ஞானஸ்நானம் பெற்று யுஸ்துஸ் யோசேப்பு என்னும் பெயரை ஏற்றார். வடமொழியிலும் மலையாளத்திலும் வல்லவர், இசையறிந்தவர். திருவிதாங்கூரில் சர்ச் மிஷனரி சங்கத்தின் குருவானவராகப் பணிபுரிந்தார். அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகள் கேரளத்துத் தேவாலயங்களில் இன்றும் பாடப்படுகின்றன. 1860ஆம் ஆண்டளவில் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் முதலியோரிடையே எழுந்த ஆன்மிக எழுப்புதல் மலை தாண்டி அப்பகுதிக்கும் பரவியிருந்தது. அந்த உணர்ச்சிப் பெருக்கினிடையே, 1875இல், இன்னும் ஆறு ஆண்டுகளில் கிறிஸ்து வருவார் என்று யுஸ்துஸ் யோசேப்பு அறிவித்தார். பலர் நம்பினர். 1881 வந்தது, போயிற்று. அவருடைய கூட்டத்தார் யுயோமயம் என்னும் தனிச் சபையாகச் சுருங்கினர். அவர் 1887இல் மறைந்தார்.

அவரை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அறிவிலும் பக்தியிலும் குறைந்தவர் அல்லர் அவர். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்னும் குடியானவர் தானியேல் ஆகமத்தை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தே முடிவு சொன்னார். அவரைப் பின்பற்றியோர் இறுதியில் 1844 அக்டோபர் 22ஆம் திகதியைக் குறித்தனர். சிலர் விளைந்த பயிரையும் அறுவடை செய்யாமல் நிலத்திலே விட்டனர். மறுநாள் பொழுது வழக்கம்போல விடிந்தது. பயிரை விட்டவன் பிள்ளைகளுக்கு அந்தக் குளிர்காலம் எப்படிக் கழிந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. கணக்குப் பிழைத்ததால் வரும் கேடு கணக்குப் போட்டவனோடு நிற்பதில்லை.

இதை நான் நூலில் மட்டும் படிக்கவில்லை. 1999ஆம் ஆண்டு நான் இளம் ஆசிரியன். 2000ஆம் ஆண்டு பிறக்குமுன் உலகம் முடியும் என்ற பேச்சு நாடெங்கும் உலவியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வெளியூரிலிருந்து வந்த போதகர் ஒருவர் எங்கள் பகுதித் தோட்டமொன்றில் மூன்று இரவுகள் கூட்டம் நடத்திப் போனார். என் வகுப்பில் படித்த பெண்பிள்ளை ஒருத்தி, அந்த லயத்திலேயே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த முதற்பெண், நவம்பர் மாதத்தில் பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். நான் லயத்துக்குப் போனேன். தகப்பனார் மரியாதையாகப் பாய் விரித்து உட்காரச் சொன்னார். “இன்னும் ஒரு மாசந்தானுங்களே சேர். இருக்கிற நாளை செபத்துல கழிக்கட்டும்னு விட்டுட்டோம்” என்றார். நான் என்ன சொல்லியும் பயனில்லை. நானும் சரியாகச் சொல்லவில்லை என்றே இப்போது நினைக்கிறேன். போதகர் சொன்னது மூடத்தனம் என்றேன். அவர் மனம் மூடிக்கொண்டது. பரீட்சை நடந்தது; அவள் எழுதவில்லை. சனவரி முதலாந் திகதி காலையில் பிரட்டுக்களத்தில் பேர் போட்டார்கள், தகப்பனாரும் போனார், சில வாரங்களில் மகளும் கொழுந்துக் கூடையோடு அவர்பின் போனாள்.

அந்தத் தகப்பனாரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது தெசலோனிக்கேயாச் சபையின் கதை. கிரேக்க நாட்டுத் துறைமுகப்பட்டினமான தெசலோனிக்கேயாவில் கி.பி. 50ஆம் ஆண்டையொட்டி அப்போஸ்தலராகிய பவுல் ஒரு சபையை நிறுவினார். கிறிஸ்து விரைவில் வருவார் என்று அவரும் எதிர்பார்த்தார், அவர்களும் எதிர்பார்த்தார்கள். ஆனால் அங்கே சிலர் தொழிலை விட்டுவிட்டு வீடு வீடாய்த் திரிந்து பிறர் கையை எதிர்பார்க்கத் தொடங்கினர். அவர்களுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுலின் குரல் கடுமையாகிறது. வேலை செய்ய மனமில்லாதவன் உண்ணவும் கூடாது என்கிறார். தாம் அவர்களிடையே இருந்த நாளில் இரவும் பகலும் உழைத்து உண்டதை நினைவூட்டுகிறார். பவுல் கூடாரம் செய்யும் தொழிலாளி என்பது நேயர்கள் பலருக்குத் தெரிந்திருக்கலாம். ஆண்டவர் நாளையே வரக்கூடும் என்று மெய்யாகவே நம்பிய ஒருவர், இன்று கூடாரத் துணியைத் தைத்துக்கொண்டிருந்தார். இவ்விரண்டுக்கும் இடையில் அவருக்கு முரண்பாடு தோன்றவில்லை. நமக்கு ஏன் தோன்றவேண்டும்?

அமெரிக்க நாட்டில் 1780 மே 19ஆம் திகதி ஒரு விந்தை நிகழ்ந்தது. நண்பகலில் வானம் இருண்டது. பறவைகள் கூட்டை நாடின, வீடுகளில் விளக்கேற்றினர். நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்டது என்று மக்கள் நடுங்கினர். கனெற்றிக்கட் சட்டசபையைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம் என்று உறுப்பினர் பலர் கூறினர். ஆபிரகாம் டேவன்போர்ட் என்னும் பெரியவர் அதற்கு உடன்படவில்லை. அந்த நாள் வரவில்லை என்றால் கலைய வேண்டியதில்லை; வந்துவிட்டது என்றால் என் கடமையைச் செய்துகொண்டிருக்கையில் அது என்னைக் காணட்டும், மெழுகுதிரிகளைக் கொண்டுவாருங்கள் என்ற கருத்தில் அவர் பேசியதாக வரலாறு சொல்கிறது. அவ்விருளுக்குக் காரணம் கனடாப் பக்கத்துக் காடுகளில் எரிந்த பெருந்தீயின் புகை என்று மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தவர்கள் பிற்காலத்தில் கண்டனர். மூன்று இரவுக் கூட்டத்துக்குப் பதிலாக இந்த ஒரு பெரியவரின் கதையை எங்கள் லயத்தில் யாரேனும் சொல்லியிருக்கலாகாதா?

இனி, மலையகத்துக்கே உரிய காத்திருப்புக்கு வருகிறேன்.

இம்மலைகளில் கிறிஸ்தவம் தோட்டத் தமிழரிடையே பரவியதில் 1854இல் தொடங்கப்பட்ட ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற அங்கிலிக்கப் பணிக்குப் பெரும் பங்கு உண்டு. பெயரைக் கேட்டால் இன்று கூசுகிறது. பிற்காலத்தில் அப்பெயர் மாற்றப்பட்டது. ஆனால் தோட்டம் தோட்டமாய் நடந்து சென்ற உபதேசியார்மார் எழுத்தறிவையும் கூடவே கொண்டு சென்றனர் என்பதை ஆசிரியனாகிய நான் மறுக்க முடியாது. கத்தோலிக்கக் குருமாரும் மெதடிஸ்தரும் அவ்வாறே பணிபுரிந்தனர். தோட்டத்து மக்களில் கிறிஸ்தவர் சிறுபான்மையினரே. மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு இவர்களும் வரி கொடுப்பார்கள். நத்தார்ப் பலகாரம் எல்லா லயக்காம்பராவுக்கும் போகும்.

இந்த மக்கள் அனைவரும், சமய வேறுபாடின்றி, அரை நூற்றாண்டுக்குமேல் ஒரு திகதிக்காகக் காத்திருந்தார்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் இரு அரசுகளும் முடிவு செய்தன. அந்த எஞ்சியோரை 1974இல் பாதிக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். கேட்கப்படாதவர்கள் அம்மக்கள் மட்டுமே. பிறகு விண்ணப்பம், கடிதம், கடவுச்சீட்டு, ரயில், தலைமன்னார், இராமேசுவரம் செல்லும் கப்பல். 1984இல் கப்பல் நின்றுபோயிற்று. எஞ்சியிருந்தோருக்கு இலங்கைப் பிரசாவுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் முழுமையாக உறுதியாயிற்று.

இந்நிலையில் ஒரு குடும்பம் எப்படி வாழும் என்று நேயர்கள் எண்ணிப்பாருங்கள். கடவுச்சீட்டு வந்துவிட்டது, போகும் நாள் வரவில்லை. இரண்டு ஆண்டாகலாம், பத்து ஆண்டாகலாம். கூரையைத் திருத்துவதா? மகளுக்குச் சம்பந்தம் பேசுவதா? மாடு வாங்குவதா? எங்கள் சிறுவயதில் சிலர் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தார்கள். எப்படியும் போகப்போகிறோமே என்ற ஒரே சொல்லில் பிள்ளைகளின் படிப்பும் நின்றது. இரங்கல் என்று நம் முன்னோர் பிரித்துவைத்த நிலை அதுதான். அவர்களை நான் குறைகூறவில்லை. மற்றவர் கையில் தன் திகதியை வைத்திருப்பவனுக்கு மனம் உறையும்.

எங்கள் தோட்டத்து உபதேசியாரையா வேறுவிதமாக இருந்தார். அவர் குடும்பத்துக்கும் கடவுச்சீட்டு வந்திருந்தது. எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. மாலை நேரத்தில் சிறு செபக்கூடத்தில் எங்களுக்கு ஆத்திசூடியும் சங்கீதமும் சேர்த்துச் சொல்லித்தருவார். கிறிஸ்தவப் பிள்ளை, சைவப் பிள்ளை என்ற பேதம் இல்லை. ஞாயிறு பிற்பகலில் மம்பட்டியோடு லயத்தின் பின்புறம் போய்க் கான் வெட்டுவார். ‘கான்’ என்பது மலைச்சரிவில் நீர் வழிந்தோட வெட்டும் வடிகால்; தோட்டத்தார் அறிந்த சொல். மேட்டு லயத்துக்குப் பின்னால் உள்ள கான் அடைபட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். கீழ் லயத்துக்கு ஆபத்து. துரைமார் கவனிக்காத கான் அது. ஒரு மாதத்தில் கப்பலேறவிருந்த அந்த மனிதர் அடுத்த ஆண்டு மழைக்காகக் கானை ஆழமாக்கிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் கண்டேன். “நீங்கதான் போகப் போறீங்களே தாத்தா” என்று பிள்ளைகள் நாங்கள் கேட்டோம். “தண்ணி போகப் போறதில்லையேடா” என்றார்.

அவர் போனார். நீலகிரிப் பக்கம் குடியேறியதாகக் கேள்வி. தாயகம் திரும்பியோருக்கு வேலை தரவென்றே 1968இல் தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது.

கிறிஸ்துவின் வருகையைப் பற்றி அவர் நிறையப் பேசியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை அடிக்கடி வாசிப்பார். அரசர் வந்து அமரும்போது, எனக்குப் பசித்தது, தாகமாயிருந்தது, அந்நியனாயிருந்தேன், சிறையிலிருந்தேன் என்றெல்லாம் சொல்கிறார்; எப்போது உம்மை அப்படிக் கண்டோம் என்று இருசாராரும் வியந்து கேட்கிறார்கள்; சிறியவர் ஒருவருக்குச் செய்ததே எனக்குச் செய்தது என்கிறார் அரசர். இவ்வுவமையின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வருவார் என்று எதிர்பார்த்திருந்தவர் முன்னமே பல தடவை வந்துபோயிருக்கிறார். வாசலில் நின்றவரை அடையாளம் தெரியவில்லை. ‘அந்நியன்’ என்ற சொல்லை வாசிக்கும்போது உபதேசியாரையா சற்று நிறுத்துவார். நாடற்றவர் என்று சட்டம் முத்திரை குத்திய கூட்டத்தில் அச்சொல்லுக்கு விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை.

கம்பன் காட்டும் சவரியும் இத்தகையவளே. மதங்க முனிவரின் ஆசிரமத்தில் இராமன் வரும்வரை அவள் சும்மா இருக்கவில்லை. தவமும் பணிவிடையும் நாள்தோறும் நடந்தன. அவன் வந்த அன்று புதிதாகச் செய்யவேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

விழித்திருங்கள் என்பது இயேசுவின் கட்டளை. அதற்கு உறங்காமல் வானத்தைப் பார்த்திருங்கள் என்று பொருளில்லை. பத்துக் கன்னியர் உவமையில் மணவாளன் வரத் தாமதித்தபோது பத்துப் பேருமே உறங்கிவிட்டார்கள். புத்தியுள்ள ஐவரும் உறங்கினார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உறங்கியது குற்றமாகச் சொல்லப்படவில்லை. எண்ணெய் இருந்ததா என்பதே கேட்கப்பட்டது.

வலப்பனையில் விழிப்பு என்பது உயிர்ப்பிரச்சினை. உடப்புசல்லாவைப் பக்கத்துச் சரிவுகள் கிழக்கு நோக்கியவை. ஆதலால் வடகீழ்ப் பருவக்காற்றின் மழை இங்கே கடுமையாக இறங்கும். 2007 சனவரியில் வலப்பனையிலும் ஹங்குரன்கெத்தையிலும் மண் சரிந்து உயிர்கள் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவைக் கொண்டு மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனமாயிருக்கவேண்டும், 100 பெய்தால் ஆயத்தமாக வேண்டும், 150 பெய்தால் வெளியேற வேண்டும். சுவரில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இறுகிப்போய்த் திறவாத கதவு ஆகிய குறிகளையும் பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறோம். எந்த நாழிகையில் மலை இறங்கும் என்று எவராலும் கூற இயலாது. ஆனால் குறிகள் உண்டு. அத்திமரம் துளிர்விட்டால் கோடை அண்மையில் என்று அறிவது போல என்று இயேசு சொன்னதும், நாளும் நாழிகையும் தெரியாது என்று அவரே சொன்னதும் ஒன்றுக்கொன்று மாறானவை என்று இளமையில் எனக்குத் தோன்றியதுண்டு. மலையடிவாரத்தில் பள்ளிக்கூடம் நடத்திய பிறகு அப்படித் தோன்றவில்லை. குறிகளைக் கொண்டு கான் வெட்டலாம், மூட்டையைக் கட்டிவைக்கலாம், நடக்கமாட்டாத கிழவியை யார் தூக்குவது என்று முன்கூட்டியே பேசிவைக்கலாம். திகதி குறிக்க அவை உதவா.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளையும் உள்ளடக்கிய திருவருகைக் காலம் எங்களுக்கு இந்த அடைமழையோடுதான் வருகிறது. பெத்லகேமில் நிகழ்ந்த முதல் வருகையை நினைப்பதோடு இரண்டாம் வருகையையும் எதிர்நோக்கும் காலம் அது. 2025இல் அதன் முதல் ஞாயிறு நவம்பர் 30. இரண்டு நாள் முன்னர், 28ஆம் திகதி, ‘டித்வா’ புயல் இலங்கையில் கரை கடந்தது. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதிலும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எங்கள் பாடசாலை மண்டபம் இடைத்தங்கல் முகாமாயிற்று. வாங்குகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய்களை விரித்தோம். பாதைகள் அறுந்தபடியால் குருவானவர் வர இயலவில்லை. ஞாயிறு காலை, சபைப் பெரியவர் ஒருவர் மண்டபத்தின் மூலையில் அன்றைக்குரிய வாசகத்தை வாசித்தார். ஊதாநிற மெழுகுதிரி கிடையாது. மின்சாரமில்லாத இரவுகளில் எரித்து மிஞ்சிய துண்டொன்றை ஏற்றியிருந்தார்கள். அந்த ஆண்டின் வாசக அட்டவணைப்படி அன்றைக்கு உரியது மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் நோவாவின் காலத்து வெள்ளத்தைச் சொல்லும் பகுதி. உண்டும் குடித்தும் பெண் கொண்டும் கொடுத்தும் இருந்தவர்களை நினையாத நேரத்தில் வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று என்று அதில் வருகிறது. எவரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. வாசித்தவரின் குரல் இடையில் தடுமாறியது. அவருக்கு விளக்கவுரை சொல்லத் தோன்றவில்லை, சொல்லாததே நல்லது. வெள்ளத்தில் போனவர்கள் பாவிகள் என்று எவராவது அன்று அங்கே சொல்லியிருந்தால் நான் எழுந்து தடுத்திருப்பேன். எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று எண்ணாதீர்கள் என்று இயேசுவே கூறியிருக்கிறார். லூக்கா நற்செய்தியில் அது உள்ளது.

செபம் முடிந்ததும், சைவரும் கிறிஸ்தவருமாக இளைஞர்கள் மம்பட்டிகளை எடுத்துக்கொண்டு, மண்டபத்தின் பின்மேட்டில் அடைபட்டிருந்த கானை வெட்டப் போனார்கள். மழை விட்டிருக்கவில்லை. பெண்கள் பெரிய கிடாரத்தில் தேநீர் வைத்தார்கள்.

அன்று பிற்பகல் ஒரு தாய் என்னிடம் வந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது. கையில் தேயிலைச் சாயம் ஏறியிருந்தது. 1999இல் பரீட்சைக்கு வராமற்போன அதே பிள்ளை. அவளுடைய மகள் அந்த மாதத்தில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். புயலால் பரீட்சை இடைநிறுத்தப்பட்டிருந்தது. நனைந்துபோன குறிப்புப் புத்தகங்களை ஒவ்வொரு தாளாகப் பிரித்து வாங்குகளின்மேல் உலரப் போட்டிருந்தார்கள்.

“மிச்சப் பாடத்துக்குத் திகதி எப்ப சேர்?” என்று கேட்டாள்.

“இன்னும் அறிவிக்கவில்லை அம்மா” என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டுத் திரும்பி, சன்னலோரத்தில் வெளிச்சம் விழும் இடத்துக்கு ஒரு வாங்கை இழுத்துப் போட்டு, மகளை அழைத்தாள்.